அரக்குத் தட்டுகளுக்கு அடியில் ஒரு பியானோ

போர் முடிந்த மூன்றாவது குளிர்காலத்திலிருந்து லைப்ஸிக் நகரின் பிளாக்விட்ஸ் பகுதியில் விற்ற இசைத்தட்டு ஒவ்வொன்றிலும் மேலே ஒரு பாட்டும், அதற்கு அடியில் வேறொரு பாட்டும் கேட்டன. இதில் பெரிய மர்மம் ஒன்றுமில்லை. தட்டு செய்ய அரக்கு வேண்டும், அரக்கு கப்பலில் வர வேண்டும், கப்பல் வரவில்லை. ஆகவே புதுத் தட்டு ஒன்று வேண்டுமென்றால் பழைய தட்டு இரண்டு கொண்டுவந்து கொடு, உடைசலோ கீறலோ எதுவானாலும் சரி என்று விதி வைத்தார்கள். கொடுத்ததை ஆலையில் அரைத்து, உருக்கி, மறுபடி அச்சடித்தார்கள். அரக்கை அரைக்கத் தெரிந்தவர்களுக்குப் பாட்டை அரைக்கத் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். பழைய ஆட்சியின் சொற்பொழிவுத் தட்டுகளை வீட்டில் வைத்திருக்க அஞ்சியவர்கள்தான் முதல் ஆளாக ஓடிப்போய்க் கொடுத்தார்கள். அதன் பலனாகக் கால்வாய்த் தெருவில் ஒரு வீட்டில் தாலாட்டுக்கு அடியிலிருந்து யாரோ கூட்டத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டே இருந்தார், குழந்தை தூங்கவில்லை. தேவாலயத்துக்காரர்கள் வாங்கிய துதிப் பாட்டுக்கு அடியில் சாராயக்கடைப் போல்கா நடனப் பாட்டு ஓடியது. ஜனங்கள் கொஞ்ச நாள் முகம் சுளித்தார்கள், பிறகு பழகிக்கொண்டார்கள். அந்த வருஷம் உருளைக்கிழங்கு கிடைக்காததுதான் அவர்களுக்குப் பெரிய கவலையாக இருந்தது.

இந்த விவகாரத்தில் வேறு யாரையும்விட அதிகமாக அலைக்கழிந்தவன் ஆல்வின் கெர்லாக். இசைநூல் பதிப்பகம் ஒன்றில் அச்சுப்பிழை பார்ப்பது அவன் வேலை. கண்ணில் விளக்கெண்ணெயை ஊற்றிக்கொண்டு நாள் முழுக்கச் சுரக்குறிகளைப் பார்ப்பான், சாயங்காலம் வீட்டுக்கு வந்து சிம்பொனித் தட்டுகளைக் கேட்பான். அந்தக் காலத்தில் ஒரு தட்டின் ஒரு பக்கம் நாலு நிமிஷம்தான் ஓடும். ஒரு சிம்பொனி முழுதாக வேண்டுமென்றால் ஒரு பெட்டித் தட்டுகள் வேண்டும். நகரத்தின் மேல் குண்டு விழுந்த டிசம்பரில் மற்றவர்கள் பாட்டி வைத்த வெள்ளிக் கரண்டியையும் போர்வையையும் தூக்கிக்கொண்டு நிலவறைக்கு ஓடியபோது ஆல்வின் சிம்பொனிகளைத் தூக்கிக்கொண்டு ஓடினான். இருட்டில் படியில் இடறியதில் ஒரே ஒரு தட்டு உடைந்தது. அவனுக்கு மிகப் பிடித்த சிம்பொனியில், மெதுவான பகுதியின் சரிபாதி போய்விட்டது. அதே ராத்திரி அவன் மனைவி ஹெட்விக்கின் இடது கைமேல் நிலவறையின் இரும்புக் கதவு சாய்ந்து, சுண்டுவிரலும் அதற்கு அடுத்த விரலும் போய்விட்டன.

ஹெட்விக் பியானோ வாசித்தவள். மேடை ஏறிப் பெயர் வாங்கியவள் என்று சொல்ல முடியாது. ஆனால் அவள் வாசிக்கும்போது பிளாக்விட்ஸில் ஜன்னல்கள் சாத்தாமல் கிடந்தன, நவம்பரில்கூட. கை போவதற்குச் சில வாரம் முன்புதான் ஒரு ஒலிப்பதிவுக் கூடத்தில் உட்கார்ந்து ஒரு மெதுவான பியானோப் பாடலை வாசித்துப் பதிந்திருந்தாள். தட்டு அச்சாகித் தபாலில் வந்து சேர்ந்தபோது அவள் கையில் கட்டு இருந்தது. உறையைப் பிரித்து, தட்டின் நடுவில் பெயர் அச்சிடாத வெள்ளை வட்டத்தைப் பார்த்தாள். மறுபடி செய்தித்தாளில் சுற்றி வைத்துவிட்டாள்.

"இதை யாரும் போடக்கூடாது ஆல்வின். எனக்கு எப்போ மனசுக்குத் தைரியம் வருதோ, அப்போ நானே கேக்கறேன். அதுவரைக்கும் நீ பத்திரமா வெச்சுக்கோ" என்றாள்.

பியானோவை அடுத்த மாதமே ஒரு மூட்டைக் கோதுமைக்கும் கொஞ்சம் நிலக்கரிக்கும் கொடுத்துவிட்டாள். அதற்குப் பிறகு வீட்டில் பாட்டு போட்டால் அவள் அங்கே இருப்பதில்லை. நகரத்துக்கு வெளியே அவர்களுக்கு ஒரு துண்டுத் தோட்டமும் அதில் ஒரு மரக்குடிசையும் உண்டு, லைப்ஸிக்காரர்கள் எல்லாருக்கும் இருப்பதுபோல. ஆல்வின் கிராமபோன் கைப்பிடியைச் சுற்ற ஆரம்பித்ததும் அவள் வாளியை எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போய்விடுவாள்.

தட்டு மாற்றும் விதி வந்ததும் ஆல்வினுக்கு நிலைகொள்ளவில்லை. உடைந்த தட்டுக்கு மாற்று, தெக்லா பெட்சோல்டின் கடையில் ஒன்றே ஒன்று வந்திருக்கிறது என்று கேள்வி. கொடுப்பதற்கென்று இரண்டு தேய்ந்த ராணுவ நடைப்பாட்டுத் தட்டுகளைச் செய்தித்தாளில் சுற்றி அலமாரியில் தயாராக வைத்திருந்தான். கடைக்குப் போன அன்று மின்சாரம் இல்லாத நேரம். தடவி எடுத்தான், கையில் இரண்டு வந்தது, கடைக்கு ஓடினான். தெக்லா அவற்றைப் பிரித்துக்கூடப் பார்க்கவில்லை, எடைத்தட்டில் போடும் வெங்காயம்போலப் பெட்டியில் போட்டாள். இவன் சிம்பொனியின் நடுப்பகுதியை மார்போடு அணைத்துக்கொண்டு திரும்பி வந்தான். விளக்கு வந்த பிறகு அலமாரியில் பார்த்தால் ஒரு நடைப்பாட்டுத் தட்டு அங்கேயே இருக்கிறது, ஹெட்விக்கின் தட்டைக் காணோம்.

திரும்ப ஓடினான். ஆலை வண்டி வந்து பெட்டியை ஏற்றிக்கொண்டு போயிருந்தது. ஆலை வாசலுக்கு ஓடினான். உள்ளே அரைக்கும் சத்தம் கேட்டது. காவல்காரனிடம் என்ன சொல்வது என்று தெரியாமல் தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றுவிட்டு வந்தான்.

அடுத்த மாதம் தெக்லாவின் கடைக்கு வந்த புதுச் சரக்கில், வால்ட்ஸ் நடனத்தட்டு ஒன்றின் அடியில் ஒரு பியானோ கேட்டது. தெக்லா அதை வாடிக்கையாளருக்குப் போட்டுக் காட்டிக்கொண்டிருந்தாள். கடைக்கு வந்த ஆல்வின் வாசலிலேயே நின்றுவிட்டான். அந்தப் பாடலை வீட்டில் எத்தனையோ சாயங்காலம் கேட்டவன் அவன். மேலும், கை தாவ வேண்டிய இடத்துக்குச் சற்று முன்னால் மூக்கால் மூச்சை இழுக்கும் பழக்கம் ஹெட்விக்குக்கு உண்டு. வால்ட்ஸின் குதியாட்டத்துக்கு அடியில் அந்த மூச்சு தெளிவாகக் கேட்டது. நாலைந்து வரிதான். பிறகு வேறு யாருடைய மேளமோ வந்து மூடிவிட்டது. ஆனாலும் அது அவள்தான். அரைத்ததில் சிதறிப்போயிருக்கிறாள், அழியவில்லை. பொறுக்கினால் சேர்த்துவிடலாம். அவள் கேட்பதற்கு முன்னால் சேர்த்துவிட வேண்டும். அன்றிலிருந்து அவன் வாழ்க்கையில் வேறு வேலை இல்லை என்றே சொல்லலாம்.

காலில் சக்கரம் கட்டிக்கொண்டவன்போல அலைந்தான். பதிப்பகம் விட்டதும் டிராம் ஏறி, லிண்டனாவ், கோலிஸ், கொன்னெவிட்ஸ் என்று தெருத்தெருவாக இறங்கி, திறந்த ஜன்னலுக்குக் கீழே காதைத் தீட்டிக்கொண்டு நிற்பான். பிள்ளைப் பாட்டு, அறுவடைப் பாட்டு, வேட்டைக்கொம்பு, இளைஞர் அணியின் டிராக்டர்ப் பாட்டு எதுவானாலும் அடியில் என்ன ஓடுகிறது என்று கேட்பான். அவள் இருந்தால் கதவைத் தட்டுவான். அந்தத் தட்டுக்குப் பதிலாக என்ன வேண்டும் என்பான். ஜனங்களுக்கு என்ன வேண்டும், நல்ல தட்டு வேண்டும். ஆகவே சிம்பொனிகள் ஒவ்வொன்றாக வீட்டைவிட்டுப் போயின. தொடக்கத்தில் பெட்டியிலிருந்து ஒரு தட்டை மட்டும் உருவிக் கொடுத்தான். தலையில்லாத சிம்பொனியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று பிறகு பெட்டியோடு கொடுக்க ஆரம்பித்தான்.

முக்கால்வாசி போய்ச் சேர்ந்த இடம் டாக்டர் ஒஸ்வின் ரோய்டரின் வீடு. ஓய்வுபெற்ற பல் மருத்துவர், மனைவியில்லை, நகரத்தில் ஆல்வினுக்கு நிகரான தட்டு சேகரிப்பாளர் அவர் ஒருவர்தான். வழக்கமாக ஞாயிற்றுக்கிழமைகளில் சேகரிப்பாளர்கள் ஒன்றுகூடி, அவரவர் கொண்டுவந்த தட்டைப் போட்டுக் கேட்டுவிட்டுச் சண்டை போடுவார்கள். அந்தக் கூட்டத்தில் ஆல்வின் ஒருநாள் "முயலும் முள்ளங்கியும்" என்ற ஒரு பிள்ளைப் பாட்டுத் தட்டுக்கு ஒரு முழு சிம்பொனியை டாக்டரிடம் நீட்டினான்.

"ஏம்ப்பா கெர்லாக், யானையைக் குடுத்துட்டுப் பூனையை வாங்கறவனைக் கேள்விப்பட்டிருக்கேன். நீ என்னடான்னா யானையைக் குடுத்துட்டுப் பூனை மீசையை வாங்கறே" என்றார் டாக்டர்.

"இருக்கட்டும் டாக்டர். எனக்கு இதுல ஒரு காரியம் இருக்கு."

"காரியமா? பல்லு வலிச்சா மூளை கலங்கும்னு என் வேலையிலே பாத்திருக்கேன். வாயைத் திற, பாப்போம்."

கூட்டம் சிரித்தது. ஆல்வின் பிள்ளைப் பாட்டை எடுத்துக்கொண்டு எழுந்து போய்விட்டான். அதற்குப் பிறகு அவன் அந்த ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்துக்குப் போகவில்லை. டாக்டர் மட்டும் அவன் கொடுத்ததையெல்லாம் தனி அலமாரியில் வைத்தார், யாருக்கும் விற்கவில்லை. ஏனென்று கேட்டால், பைத்தியம் தெளிஞ்சா திரும்ப வருவான் என்பார்.

சந்தேகமில்லாமல் ஆல்வின் கெட்டிக்காரன்தான். நாலு வருஷத்தில், பாடலின் தொடக்கம் வால்ட்ஸுக்கு அடியிலும், அதைத் தொடர்ந்து வருவது டிராக்டர்ப் பாட்டுக்கு அடியிலும், நடுப்பகுதி ஒரு கிறிஸ்துமஸ் தட்டின் இரு பக்கத்திலும், அதற்கப்புறம் வருவது முயல் பாட்டிலும் என்று கிட்டத்தட்ட எல்லாவற்றையும் சேர்த்துவிட்டான். பாடலின் அச்சுப் பிரதி பதிப்பகத்திலேயே இருந்தது. மத்தியான இடைவேளையில் அதை விரித்துவைத்து மனசுக்குள் ஒட்டிப்பார்ப்பான். ஒட்டிக்கொண்டு வரும், வரும், கடைசிப் பக்கத்தில் இரண்டு வரி மட்டும் இருக்காது. முடிவு இல்லை. முயல் பாட்டின் கடைசியில் அவள் ஒருமுறை மூச்சை இழுக்கிறாள், அத்தோடு போய்விடுகிறது. தாவப்போனவள் எங்கே இறங்கினாள் என்று தெரியவில்லை.

அந்த இரண்டு வரிக்காக மேலும் ஐந்து வருஷம் போனது. வாழ்க்கையின் மற்ற விஷயங்களும் ஓரமாக நடந்துகொண்டுதான் இருந்தன. ரேஷன் அட்டை குறைந்தது, இடிந்த தெருக்கள் எழும்பின. ஹெட்விக் டிராம் பணிமனையில் வேலைக்குச் சேர்ந்து, எட்டு விரலால் டிக்கெட் கட்டுகளைப் பத்து விரல்காரிகளைவிட வேகமாகக் கட்டினாள். வீடு நிறையக் குப்பைத் தட்டு சேர்வதைப் பார்த்து ஆரம்பத்தில் கேலி செய்தாள், பிறகு சண்டை போட்டாள், பிறகு விட்டுவிட்டாள். போர் பல ஆண்களைப் பலவிதமாகக் கெடுத்திருந்தது. ஒருவன் குடித்தான், ஒருவன் பேசுவதை நிறுத்தினான், என் புருஷன் முயல் பாட்டு வாங்குகிறான், அது தேவலை என்று பணிமனைத் தோழிகளிடம் சொல்லிக்கொண்டாள். ஆனால் சாயங்காலங்களில் தனியாக உட்கார்ந்து சாப்பிடுவது அவளுக்குப் பிடிக்கவில்லை. அதை அவனிடம் ஒருதரம் சொல்லவும் சொன்னாள். சீக்கிரம் முடிஞ்சிடும் என்றான் ஆல்வின், எது என்று சொல்லவில்லை.

அப்புறம் நீண்டநேரம் ஓடும் புதுவகைத் தட்டுகள் வந்தன. அவை அரக்கு இல்லை, வேறு ஏதோ வழவழப்பான சரக்கு. அவற்றின் அடியில் யாரும் இல்லை. ஜனங்கள் பழைய அரக்குத் தட்டுகளைச் சாம்பல் தொட்டியில் போட்டார்கள், பிள்ளைகள் அவற்றைச் சுவரில் வீசி உடைத்து விளையாடினார்கள். எந்தத் தொட்டியில் அந்த இரண்டு வரி கிடக்கிறதோ என்று ஆல்வின் தள்ளுவண்டியோடு விடியலில் கிளம்பினான். வேலையில் பிழைகள் கண்ணில் படாமல் நழுவின. மேலாளர் கூப்பிட்டு எச்சரித்தார். தூக்கத்திலும் அவன் கால் நடந்துகொண்டிருந்தது, போர்வை தினம் காலையில் தரையில்தான் கிடந்தது.

தெக்லா பெட்சோல்ட் ஒருநாள் அவனைக் கடைக்குள் இழுத்து உட்கார வைத்தாள். "ஏன்யா, கண்ணாடியிலே மூஞ்சியைப் பாத்தியா? பேய் பாத்தாலே பயப்படும். என்னத்தைத்தான் தேடறே? என்கிட்ட சொல்லு, கடைக்காரி நான், எடுத்துத் தரேன்."

அவன் சொன்னான். ஒன்பது வருஷத்தில் முதல் தடவையாக ஒரு மனுஷியிடம் சொன்னான். தெக்லா கேட்டுவிட்டு எழுந்து அவன் தொப்பியை எடுத்து அவன் கையில் திணித்தாள். "இதைப் போயி உன் பெண்டாட்டிகிட்ட சொல்லாம, ஊரெல்லாம் சொல்லிட்டு... சரி, ஊர்லயும் சொல்லலை. என்கிட்டத்தான் சொல்றே. போய்யா, முதல்ல வீட்டுக்குப் போ" என்று வெளியே தள்ளினாள். அவன் வீட்டுக்குப் போகவில்லை. கிழக்கே ஒரு தெருவில் பழைய வீடு காலி செய்கிறார்கள் என்று கேள்விப்பட்டு அங்கே போனான்.

அந்த செப்டம்பரில் தோட்டத்தில் பிளம் நன்றாகக் காய்த்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் ஹெட்விக் பிளம் அப்பம் சுட்டு, காப்பி போட்டு, கோப்பைகளை வைத்தாள். கிளம்பத் தொப்பியைத் தேடிக்கொண்டிருந்த ஆல்வினைப் பார்த்துச் சாதாரணமாகச் சொன்னாள்: "உக்காரு. இன்னிக்கு அந்தத் தட்டைப் போடு. என் தட்டை. பயந்து பயந்து எனக்கே அலுத்துப்போச்சு."

ஆல்வின் உட்கார்ந்தான். இருட்டில் எடுத்தது, கடை, ஆலை, வால்ட்ஸ் என்று எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னான். சொல்லும்போதே அழுதான், துடைத்துக்கொள்ளவில்லை. ஹெட்விக் கோபம் வந்தால் கத்துகிறவள் இல்லை. மேசைத்துணியின் ஓரத்தை மடித்து மடித்துப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"ஒரு சிம்பொனித் தட்டுக்குக் குடுத்துட்டே."

"ஆமா."

"ஒம்போது வருஷமா எனக்குத் தெரியாது."

"சேத்துட்டு சொல்லலாம்னு இருந்தேன் ஹெட்விக். சேத்துட்டேன், கடைசி ரெண்டு வரி தவிர."

"போடு" என்றாள் அவள்.

அவன் கிராமபோனைச் சாப்பாட்டு மேசைக்கே கொண்டுவந்து, தட்டுகளை வரிசையாக அடுக்கினான். ஊசி இரண்டு முறை வழுக்கியது. முதலில் வால்ட்ஸ் வந்தது, அதன் அடியில் ஒலிப்பதிவுக் கூடத்து நாற்காலி கிறீச்சிடுவதும் முதல் சுரமும் வந்தன. ஹெட்விக் கண்ணை மூடிக்கொண்டாள். டிராக்டர்ப் பாட்டின் ஆரவாரத்துக்கு அடியில், பத்து விரலோடு முப்பத்திரண்டு வயதில் ஒருத்தி நிதானமாக வாசித்துக்கொண்டு போனாள். கிறிஸ்துமஸ் மணிகளுக்கு அடியில் ஒரு இடத்தில் இடது கை தனியாக நடந்தது. அங்கே ஹெட்விக்கின் தோள் குலுங்கியது. ஆல்வின் ஊசியைத் தூக்கப்போனான், வேண்டாம் என்று கையால் தடுத்தாள். அப்புறம் முயல் பாட்டு. குழந்தைகள் முள்ளங்கி, முள்ளங்கி என்று கூவிக்கொண்டிருக்க, அவள் மூக்கால் மூச்சை இழுத்தாள். அத்தோடு நின்றது.

"இவ்வளவுதான் கிடைச்சுது. முடிவு எங்கேயோ இருக்கு. அஞ்சு வருஷமாத் தேடறேன், நாளைக்குக் கிழக்குப் பக்கம் ஒரு..."

"முடிவு எங்கேயும் இல்லை ஆல்வின்."

அவனுக்குப் புரியவில்லை.

"தட்டுல இடம் பத்தலை. நாலு நிமிஷம்தானே, நான் மெதுவா வாசிச்சுட்டேன். பதிவு நடக்கறதைக் காட்டற சிவப்பு விளக்கு அணைஞ்சுபோச்சு. உள்ளே இருந்த ஆளு கையை ஆட்டிட்டு பீர் குடிக்கப் போயிட்டான். முடிவு பதிவே ஆகலை."

அச்சில் இருப்பதை நம்பிப் பழகிய மனுஷன் ஆல்வின். தாளில் இரண்டு வரி இருந்தால் தட்டிலும் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் அது பிழை, பிழையென்றால் தேடித் திருத்த வேண்டும். நாலு நிமிஷக் கணக்கு தெரியாதவனா அவன்? வாழ்நாளெல்லாம் சிம்பொனியை நாலு நாலு நிமிஷமாகக் கேட்டவன். ஒருநாளும் அவனுக்கு அது தோன்றவில்லை. ஐந்து வருஷம், அத்தனை சிம்பொனி, அத்தனை சாயங்காலம் எல்லாம் இல்லாத ஒன்றுக்காகப் போயிருக்கிறது.

"அடப்பாவி மனுஷா" என்றாள் ஹெட்விக். "எங்கிட்ட ஒரு வார்த்தை கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே. ஊர்ல இருக்கிற எல்லாத் தட்டையும் கேட்டே, என்னைக் கேக்கலையே." அவளுக்குச் சிரிப்பு வந்தது, சிரிப்பிலேயே அழுகையும் வந்தது. அவன் தலையைப் பிடித்துத் தன் வயிற்றோடு சேர்த்துக்கொண்டாள். காப்பி ஆறிப்போயிற்று.

வெகுநேரம் கழித்து அவள் சொன்னாள்: "ஆனா நான் நிறுத்தலை, தெரியுமா. விளக்கு அணைஞ்ச பிறகும் கடைசி வரைக்கும் வாசிச்சேன். கேக்கத்தான் யாரும் இல்லை."

"இப்போ நான் இருக்கேன்" என்றான் ஆல்வின்.

ஹெட்விக் அப்பத்தட்டையும் பிளம் கொட்டைகளையும் ஓரமாகத் தள்ளினாள். மேசைத்துணியை மடித்து எடுத்துவிட்டு, வெறும் மரத்தின்மேல் இரண்டு கையையும் வைத்து, மூச்சை இழுத்து, அந்த இரண்டு வரியையும் எட்டு விரலால் வாசித்தாள். மேசை பியானோ இல்லை, ஆகவே விரல் மரத்தில் படும் சத்தம் தவிர வேறெதுவும் கேட்கவில்லை. ஆல்வின் கடைசிவரை அசையாமல் உட்கார்ந்து கேட்டான். அன்று அவன் வெளியே போகவில்லை.

மறுநாள் காலையில் தெக்லா கடையைத் திறந்து ஒரு தட்டைப் போட்டாள். பாட்டு முடிந்து ஊசி வெறுமனே உரசும் இடத்தில் ஒரு பியானோ அந்த இரண்டு வரியையும் வாசித்துவிட்டு ஓய்ந்தது. அடுத்த தட்டிலும் அப்படியே. பழைய அரக்கு, புது வழவழப்பு என்ற பேதம் இல்லாமல், பிளாக்விட்ஸில் எந்தத் தட்டைப் போட்டாலும் முடிவில் அது வந்தது. அதற்கு அடுத்த வாரத்துக்குள் லிண்டனாவிலும் வர ஆரம்பித்தது. நடன மண்டபத்தில் ஜோடிகள் பாட்டு முடிந்தும் கையை விடாமல் நின்று அதையும் கேட்டுவிட்டுத்தான் உட்கார்ந்தார்கள். டாக்டர் ரோய்டர் தள்ளுவண்டியில் சிம்பொனிகளை ஏற்றிக்கொண்டு தானே வந்து இறக்கினார். இடது கையில் இரண்டு சுரம் விட்டுப்போகிறது, கவனித்தாயா என்று ஆல்வினைக் கேட்டார். கவனித்தேன், சரியாகத்தான் இருக்கிறது என்றான் அச்சுப்பிழை பார்க்கிறவன். ஹெட்விக் டாக்டருக்கும் ஒரு கோப்பை காப்பி ஊற்றிக்கொண்டுவந்து, தோட்டத்துக்குப் போகாமல், அவர்களோடு உட்கார்ந்தாள்.